சூளையினும் வெம்மை மிக்க உலகங்கள்

திட்டக்குடி வட்டாரத்துக் குடும்பங்களுக்குச் சூளை என்றால் என்னவென்று நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. அருகேயுள்ள விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டையில் அகல் விளக்கும் பொம்மையும் தேநீர்க் கோப்பையும் மின்சாரப் பியூஸ் கட்டைகளும் களிமண்ணாய்ச் சூளைக்குள் சென்று கல்லாய் வெளிவருகின்றன. பீங்கான் வேகும்போது சூளையின் உள்வெப்பம் 1,200 சென்டிகிரேடு பாகையை ஒட்டி நிற்கும். நீர் கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தைப் போல் அது பன்னிரண்டு மடங்கு. அவ்வெப்பத்தில் செம்பும் உருகிவிடும். அதனால்தான் அதனைத் தீச்செங்கல்லால் கட்டிய சுவருக்குள் அடக்கி வைத்திருக்கிறோம்.

அத்தகைய வெப்பம் சுவருக்குள் அடங்காமல், நம் பூமியைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு பருமன் கொண்ட ஓர் உலகம் முழுவதையும் போர்த்தியிருந்தால் எப்படி இருக்கும்? இது கற்பனைக் கேள்வி அன்று. அத்தகைய உலகங்கள் உண்மையாகவே உள்ளன. தொலைவிலுள்ள விண்மீன்களை மிக நெருங்கிச் சுற்றிவரும் வெப்பக் கோள்கள் அவை. அவற்றுள் சிலவற்றை நம் தமிழ்நாட்டு மலையொன்றிலிருந்தே அளந்திருக்கிறார்கள். அவற்றின் இயல்புகள் யாவை, கண்ணுக்கே புலப்படாத ஒன்றின் வெப்பத்தை மனிதன் எங்ஙனம் அறிந்தான், இவ்வறிவினால் நமக்கு ஆவது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நம் கரையிலிருந்து நோக்கியவர்கள்

விண்மீன் ஒவ்வொன்றும் ஒரு சூரியன். நம் சூரியனைச் சுற்றிக் கோள்கள் இருப்பது போல், பிற சூரியன்களைச் சுற்றியும் இருக்குமா என்ற ஐயம் மிகப் பழமையானது. அதற்கு விடை தேடிய வரலாற்றில் நம் பகுதிக்கும் பங்குண்டு.

சயாம் நாட்டிலிருந்து புதுச்சேரிக்கு வந்து தங்கியிருந்த சேசு சபைக் குருவான ழான் ரிஷோ அடிகளார், 1689 டிசம்பரில் வால்மீன் ஒன்றைத் தம் தொலைநோக்கியால் கவனித்துக்கொண்டிருந்தார். அவ்வேளையில் தென்வானில் சுடர்விடும் ஆல்பா சென்டாரி என்னும் விண்மீன் ஒன்றன்று, ஒன்றையொன்று அடுத்திருக்கும் இரண்டு என்பதைக் கண்டறிந்தார். கோடைக்கால இரவில் நம் ஊர்களிலிருந்து தெற்கே நோக்கினால் இன்றும் அவ்விண்மீனைக் காணலாம். நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் கூட்டம் அதுவே. அதனைச் சார்ந்த பிராக்சிமா என்னும் மங்கலான விண்மீனுக்கு ஒரு கோள் உண்டு என்பது 2016-ல் தெரிய வந்தது.

அடுத்து, சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வுக் கூடத்தைச் சொல்ல வேண்டும். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் எழுத்துப் பொறித்த அதன் கற்றூண் இன்றும் அங்கே நிற்கிறது. அக்கூடத்தின் தலைவராயிருந்த டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஒபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் ஓட்டத்தில் ஓர் ஒழுங்கின்மை இருப்பதாகக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அதனை இழுக்கிறது போலும் என்று 1855-ல் எழுதினார். வேறொரு சூரியனுக்குக் கோள் உண்டு என அளவைகளைக் கொண்டு வாதிட்ட மிகப் பழைய முயற்சிகளுள் இது ஒன்று. ஆயினும் பின்வந்தோரின் நுட்பமான அளவைகளுக்கு முன் அக்கோள் நிலைக்கவில்லை. அன்றைய கருவிகளின் நுண்மை அதற்குப் போதவில்லை. ஆனால், காண முடியாத கோளை அதன் விண்மீனின் அசைவைக் கொண்டு காணலாம் என்ற எண்ணம் மட்டும் அழியவில்லை. அது பலன் தருவதற்கு மேலும் நூற்று நாற்பது ஆண்டுகள் ஆயின.

எதிர்பாராத இடத்தில் ஒரு கோள்

ஜெனீவாவைச் சேர்ந்த மிஷேல் மேயர், டிடியே குவேலோ என்னும் இருவரும் பிரான்சு நாட்டின் ஓத் புரோவான்ஸ் வானாய்வுக் கூடத்திலிருந்து ஆராய்ந்து, சூரியனைப் போன்ற விண்மீன் ஒன்றைச் சுற்றும் முதற் கோளை 1995 அக்டோபரில் உலகுக்கு அறிவித்தனர். 51 பெகாசி என்பது அவ்விண்மீனின் பெயர். பூரட்டாதி என நாம் வழங்கும் இரு விண்மீன்களின் அருகே, ஏறத்தாழ 50 ஒளியாண்டுத் தொலைவில் அது உள்ளது. ஓர் ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம். ஏறத்தாழ 9½ இலட்சம் கோடி கிலோமீட்டர்.

அவர்கள் கோளைக் கண்ணால் காணவில்லை. விருத்தாசலம் சந்திப்பில் நிற்பவர்கள், விரைந்து வரும் இரயிலின் ஊதல் நெருங்கும்போது உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் ஒலிப்பதைக் கேட்டிருப்பார்கள். ஒளிக்கும் இவ்வியல்பு உண்டு. விண்மீன் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி சற்றே நீலத்தின் பக்கமும், விலகும்போது சற்றே சிவப்பின் பக்கமும் நகரும். கோள் விண்மீனைச் சுற்றும்போது விண்மீனையும் சிறிது ஆட்டிவைக்கிறது. 51 பெகாசி விநாடிக்கு ஏறத்தாழ 55 மீட்டர் வேகத்தில் இவ்வாறு முன்னும் பின்னும் அசைவதை அவர்கள் அளந்தார்கள்.

அறிஞர் உலகம் திகைத்தது கோள் கிடைத்ததற்காக மட்டுமன்று. அது இருந்த இடத்திற்காகவும் திகைத்தது. நம் சூரியக் குடும்பத்தில் வியாழன் போன்ற பெருங்கோள்கள் வெகு தொலைவில், குளிரில் சுற்றுகின்றன. வியாழன் சூரியனை ஒருமுறை வலம்வர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகும். வியாழனில் பாதி எடையேனும் கொண்ட இப்புதிய கோளோ தன் விண்மீனை 4 நாள் 6 மணி நேரத்திற்குள் சுற்றிவிடுகிறது! அவ்வளவு நெருக்கத்தில் அதன் வெப்பம் ஏறத்தாழ 1,000 பாகை. விருத்தாசலத்துச் சூளையோடு ஒப்பிடத்தக்கது.

இத்தகைய கோள்களை 'வெப்ப வியாழன்கள்' என்று அழைக்கிறார்கள். இவை தோன்றியது இவ்வளவு நெருக்கத்தில் அன்று, தொலைவில் தோன்றி, பின்னர் ஏதோ ஒரு விசையால் உள்நோக்கி நகர்ந்து வந்திருக்க வேண்டும் என்பதே அறிஞர் பலரின் கருத்து. சூரியனை ஒத்த விண்மீன்கள் நூறை எடுத்தால் ஒன்றில் இத்தகைய கோள் இருந்தாலே பெரிது. ஆயினும் இவை பெரியவை, விரைந்து சுற்றுபவை. ஆதலின் முதலில் அகப்பட்டன. பிற சூரியன்களைச் சுற்றும் கோள்களாக உறுதி செய்யப்பட்டவற்றின் எண்ணிக்கை 2025-ல் ஆறாயிரத்தைக் கடந்தது. மேயரும் குவேலோவும் 2019-ல் இயற்பியல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

காவலூரிலிருந்து அளந்த கோள்

இனி ஒரு கோளை எடுத்துக்கொண்டு அதன் இயல்புகளை விரிவாகக் காண்போம். திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைமேல் காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. வேணு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் முயற்சியால் 1960-களின் இறுதியில் அங்கே தொலைநோக்கி நிறுவப்பெற்றது. இன்று அவ்வானாய்வுக் கூடம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. அங்குள்ள 1.3 மீட்டர் தொலைநோக்கியையும் லடாக்கின் ஹான்லேயிலுள்ள 2 மீட்டர் தொலைநோக்கியையும் கொண்டு இந்திய வானியற்பியல் நிறுவன அறிஞர்கள் ஐந்து வெப்பக் கோள்களை ஆராய்ந்து, முடிவுகளை 2019-ல் வெளியிட்டனர். அவ்வைந்தில் ஒன்று 'வாஸ்ப்-12பி'. பெயர் கருவியின் பெயரைப் போல் வறண்டிருந்தாலும் கோளின் கதை அவ்வாறன்று.

2008-ல் கண்டறியப்பட்ட இக்கோள் ஏறத்தாழ 1,400 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. மகேந்திரவர்ம பல்லவன் காஞ்சியில் அரசாண்ட காலத்தில் அங்கிருந்து புறப்பட்ட ஒளியே இன்று காவலூர்த் தொலைநோக்கியில் வந்து விழுகிறது.

இக்கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் இடையே குறுக்கிட்டுச் செல்லும்போது விண்மீனின் ஒளி ஏறத்தாழ மூன்று மணி நேரம் சற்றே மங்குகிறது. அம்மங்கல் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இராது. விளக்கொளியின் குறுக்கே சிறு பூச்சி பறந்தால் உண்டாகும் குறைவைத் தொலைவில் நின்று அளப்பது போன்றது அது. அந்தச் சிறு குறைவிலிருந்தே கோளின் பருமன் தெரிகிறது. விண்மீனின் அசைவிலிருந்து எடை தெரிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வாஸ்ப்-12பி வியாழனைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடையும், இரண்டு மடங்கை நெருங்கும் குறுக்களவும் உடையது. அதாவது, வெப்பத்தால் உப்பிய ஒரு பெரும் வாயுப் பந்து. காலூன்றி நிற்பதற்கு அதில் தரையே கிடையாது.

அதன் விண்மீனுக்கும் அதற்கும் இடையேயுள்ள தூரம் ஏறத்தாழ 34 இலட்சம் கிலோமீட்டர். நம் சூரியனுக்கு மிக அருகிலுள்ள புதன் கோளின் தூரம் 5 கோடியே 79 இலட்சம் கிலோமீட்டர் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு வகையாய்ச் சொன்னால், நமக்கும் நிலவுக்கும் உள்ள இடைவெளியைப் போல் ஒன்பது மடங்கு தூரத்தில், நம் சூரியனிலும் பெரிய ஒரு சூரியன் நின்று எரிகிறது! அக்கோளின் வானத்தில் அச்சூரியன், நாம் காணும் சூரியனைப் போல் எழுபது மடங்குக்கும் மேற்பட்ட அகலத்தோடு தோன்றும்.

அங்கே ஓராண்டு என்பது நம் கணக்கில் 26 மணி நேரத்திற்குச் சற்றே மிகுதி. நம் ஊரில் பத்து வயது நிரம்பிய சிறுவன், அக்கோளின் ஆண்டுக் கணக்கில் மூவாயிரத்து முந்நூறு வயதைக் கடந்தவன் ஆவான். பூமி விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்ற, இக்கோளோ விநாடிக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் விரைகிறது.

நிலவு எப்போதும் ஒரே முகத்தைப் பூமிக்குக் காட்டுவது போல், இத்தகைய நெருங்கிய கோள்களும் ஒரே முகத்தைத் தம் விண்மீனுக்குக் காட்டிக்கொண்டிருக்கின்றன. எனவே ஒரு பக்கம் முடிவில்லாப் பகல். மறு பக்கம் விடியாத இரவு. வாஸ்ப்-12பி-யின் பகற்பக்கத்து வெப்பம் ஏறத்தாழ 2,500 பாகை. அங்கே நீராவியின் மூலக்கூறுகளே சிதறிப்போகும். மேகம் திரள வழியில்லை. இரவுப் பக்கம் 1,100 பாகைக்கு மேல் தணிந்தது. அங்ஙனம் தணிந்த பின்னும் அது நம் பீங்கான் சூளையின் வெப்பத்தை ஒட்டியே நிற்கிறது. நாம் நெருங்க அஞ்சும் சூளை வெப்பம் அவ்வுலகில் குளிர்ந்த இரவு!

அதன் நிறமும் வியப்புக்குரியது. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கைக்கூட அது முழுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை என ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் அளவைகள் 2017-ல் காட்டின. ஏனையவற்றை விழுங்கிக்கொள்கிறது. புதிதாய்த் தார் போட்ட சாலையின் கருமை அதற்கு உண்டு எனலாம்.

இத்தனைக்கும் மேலாக, அது அழிந்துகொண்டிருக்கும் ஓர் உலகம். விண்மீனின் ஈர்ப்பு அதனை உருண்டையாய் இருக்க விடாமல் முட்டை வடிவில் இழுத்து நீட்டியிருக்கிறது. அதன் வாயு பெயர்ந்து விண்மீனை நோக்கி வழிகிறது. அதன் சுற்றுக்காலம் ஆண்டுதோறும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் 29 பங்கு அளவு குறைந்துவருவது 2020-ஐ ஒட்டி உறுதிப்பட்டது. அதாவது, கோள் சுருள் சுருளாய்த் தன் விண்மீனை நெருங்குகிறது. இன்னும் ஏறத்தாழ 30 இலட்சம் ஆண்டுகளில் அது முற்றிலும் விழுங்கப்பட்டுவிடும் எனக் கணித்திருக்கிறார்கள். நமக்கு அது நெடுங்காலமாய்த் தோன்றலாம். நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் வாழும் கோள்களுக்கு அது வாழ்வின் இறுதி நாழிகை.

தொடாமல் வெப்பம் அறிவது எங்ஙனம்?

"அங்கே போய்ப் பார்த்தவர் யார்? வெப்பமானியை வைத்தவர் யார்?" என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கக்கூடும். கேட்பதே முறை. விடை சூளையிலேயே இருக்கிறது.

சூளையருகே பழகியவர், அதனைத் திறந்து கைவைத்துப் பார்ப்பதில்லை. சிறு துளையின் வழியே உள்ளே கனலும் நிறத்தை நோக்குகிறார். மங்கிய சிவப்பு என்றால் வெப்பம் போதவில்லை. செம்மஞ்சள் என்றால் ஏறியிருக்கிறது. வெண்மை கலந்த மஞ்சள் என்றால் பீங்கான் வெந்துகொண்டிருக்கிறது. பொருள் எவ்வளவு வெம்மையுறுகிறதோ அதற்கேற்ப அதன் ஒளியின் நிறம் மாறும் என்னும் இயற்கை விதி, சூளைக்கும் விண்மீனுக்கும் கோளுக்கும் பொதுவானது. வானியலார் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் அளக்கவல்ல கருவிகளை வைத்திருக்கிறார்கள் என்பது மட்டுமே வேறுபாடு. கோள் தன் விண்மீனுக்குப் பின்னே மறையும்போது, அதுவரை வந்த மொத்த ஒளியில் சிறிது குறையும். குறைந்த அந்த ஒளியே கோளிலிருந்து வந்தது. அதிலிருந்து வெப்பம் கணிக்கப்படுகிறது.

கோளின் காற்றில் என்னென்ன பொருள்கள் உள்ளன என்பதும் ஒளியாலேயே தெரிகிறது. அடுப்பில் உப்பு சிதறினால் தீ மஞ்சளாய் எரிவதை நம் தாய்மார் அறிவர். உப்பிலுள்ள சோடியத்தின் நிறம் அது. இவ்வாறு ஒவ்வொரு பொருளுக்கும் ஒளியில் தனக்கே உரிய ஓர் அடையாளம் உண்டு. ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்து அவ்வடையாளங்களைக் கொண்டு விண்மீன்களை வகைப்படுத்தியவர்களுள் முன்னோடி, உரோமை நகரில் பணியாற்றிய சேசு சபைக் குருவான ஆஞ்செலோ செக்கி அடிகளார். 1860-களில் அவர் செய்த பணி அது. அதே முறை வளர்ந்து, 2002-ல் முதன்முறையாக ஒரு வெப்பக் கோளின் காற்றில் சோடியம் உண்டு என்பதைக் காட்டியது.

வெங்கச்சங்கல் மேகங்கள்

விருத்தாசலத்துப் பீங்கானுக்கு வேண்டிய மூலப்பொருள்கள் யாவை? வெண்களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் எனப்படும் வெங்கச்சங்கல் ஆகியவை. இவற்றுள் வெங்கச்சங்கல்லைப் பற்றி 2023-ல் ஒரு செய்தி வந்தது.

விருச்சிக ராசியின் திசையில், ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில் வாஸ்ப்-17பி என்னும் மற்றொரு வெப்பக் கோள் உண்டு. வியாழனில் பாதி எடைகூட இல்லாத அது, பருமனில் வியாழனைப் போல் ஏழு மடங்குக்கும் மேற்பட்டது. பஞ்சுப் பொதி போல் உப்பியிருப்பது. 3.7 நாளில் தன் விண்மீனைச் சுற்றுகிறது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதன் காற்றின் ஊடே வந்த ஒளியை ஆராய்ந்தபோது, அங்குள்ள மேகங்களில் வெங்கச்சங்கல்லின் நுண்பொடிகள் மிதப்பது தெரிந்தது. ஒரு மில்லிமீட்டரை இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவே ஒரு பொடியின் அளவு. ஏறத்தாழ 1,500 பாகை வெப்பத்தில், திரவமாகாமல், வாயுவிலிருந்து நேரே படிகமாக அவை உருவாகின்றன.

நம் வானில் நீராவி குளிர்ந்து மேகமாகிறது. அங்கோ கல்லே ஆவியாகி, குளிர்ந்து, மேகமாகிறது. பொருள் புதியதன்று. நம் ஆற்று மணலில் மின்னுவதும், பீங்கான் கோப்பையில் கலந்திருப்பதும் அதே பொருள்தான். ஆயிரத்து முந்நூறு ஒளியாண்டு கடந்தும் படைப்பின் மூலப்பொருள்கள் வேறாகிவிடவில்லை. அவை நிற்கும் இடமும் பெறும் வெப்பமும் மாறியிருக்கின்றன. மாறிய வெப்பம் ஓரிடத்தில் மணலையும் பிறிதோரிடத்தில் மேகத்தையும் தருகிறது.

இந்தியா பெயரிட்ட கோள்

உலக வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டு விழாவை முன்னிட்டு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனையும் அதன் கோளையும் பெயரிடுமாறு ஒதுக்கிக் கொடுத்தது. இந்தியாவுக்குக் கிடைத்தது, மகம் விண்மீனுக்குத் தெற்கே, ஏறத்தாழ 340 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீனும், அதனைச் சுற்றும் ஒரு வெப்பக் கோளும். அக்கோள் 2006-ல் கண்டறியப்பட்டது. வியாழனைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு எடையுள்ள அது, ஏறத்தாழ 2.14 நாளில் தன் விண்மீனைச் சுற்றுகிறது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு இடைவெளியில் அது இருப்பதால், நாம் பெறும் வெப்பத்தைப் போல் எண்ணூறு மடங்குக்கும் மிகுதியான வெப்பம் அதன்மேல் விழுகிறது.

மக்களிடமிருந்து பெயர்கள் கேட்கப்பட்டன, வாக்கெடுப்பும் நடந்தது. 2019 டிசம்பரில் முடிவு அறிவிக்கப்பட்டது. கோளுக்குச் 'சந்தமசா' என்று பெயர். மேகம் சூழ்ந்தது என்னும் பொருளில் வடமொழியிலிருந்து இப்பெயரை எடுத்துத் தந்தவர், புனே நகரத்துப் பள்ளி மாணவர் ஒருவர். அப்போது அவருக்கு வயது 13.

விண்மீனுக்கு வைத்த பெயர் 'பிபா'. ஒளிக்கற்றை என்னும் பொருளோடு, பிபா சவுத்ரி என்னும் பெண் அறிஞரையும் அது நினைவுகூர்கிறது. 1913-ல் பிறந்த அவர், டி. எம். போஸ் என்னும் அறிஞருடன் சேர்ந்து, இமயமலைச் சாரலின் உயரங்களில் ஒளிப்படத் தகடுகளை வைத்து, விண்வெளியிலிருந்து பாயும் அண்டக் கதிர்களின் தடங்களை ஆராய்ந்தார். அவர்களின் கட்டுரைகள் 1940-களின் தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. போர்க்காலத்தில் மேம்பட்ட தகடுகள் கிடைக்காமையால் அப்பணி முழுமை பெறவில்லை. அதே வழியில் சிறந்த தகடுகளைக் கொண்டு ஆராய்ந்த இங்கிலாந்தின் செசில் பவல் 1950-ல் நோபெல் பரிசு பெற்றார். பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த முதற் பெண் ஆராய்ச்சியாளர் பிபா அம்மையாரே. ஆயினும் 1991-ல் அவர் மறைந்தபோது நாட்டில் அவரை அறிந்தோர் மிகச் சிலர். மறைந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு சூரியன் அவர் பெயரைப் பெற்றது. பெண் பிள்ளைகளின் கல்வியைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிடலாமா என்று எண்ணும் பெற்றோர், இவ்வம்மையாரின் வரலாற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்பது நன்று.

பெயரிடுவதோடு நம் நாடு நின்றுவிடவில்லை. ஆபு மலையிலுள்ள கருவியைக் கொண்டு அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தார் தாமே புதிய கோள்களைக் கண்டறிந்து வருகிறார்கள். 2021-ல் அவர்கள் அறிவித்த ஒன்று, மூன்றே கால் நாளில் தன் விண்மீனைச் சுற்றிவிடும் ஒரு வெப்பக் கோளே.

நமக்கு இதனால் ஆவது என்ன?

"உழைத்துக் களைத்து வீடு திரும்பும் குடும்பத்துக்கு, எங்கோ எரியும் கோளால் என்ன பயன்?" என்று கேட்பவர் உண்டு. அரிசி விலை இதனால் இறங்காது என்பது உண்மையே. ஆயினும் இரண்டு பயன்களை நாம் உறுதியாகச் சொல்லலாம்.

முதலாவது, நாம் வாழும் இடத்தின் அருமை புலப்படுகிறது. ஒளி தரும் சூரியனே அளவுக்கு மிஞ்சி நெருங்கினால் உலகை உருக்கி விழுங்கிவிடும் என்பதற்கு வாஸ்ப்-12பி சான்று. பூமி 15 கோடி கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அதன் மேற்பரப்பின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 15 பாகை. வெள்ளாற்றில் நீர் நீராக ஓடுவதற்கு இந்த அளவே காரணம். தூரம் மட்டும் போதாது, காற்று மண்டலமும் செம்மையாய் இருக்க வேண்டும் என்பதை அண்டைக் கோளான வெள்ளி காட்டுகிறது. பருமனில் ஏறக்குறைய பூமியை ஒத்த வெள்ளி, அடர்ந்த கரியமிலவாயுப் போர்வையால் 460 பாகை வெப்பத்தில் தகிக்கிறது. நம் காற்றிலும் அவ்வாயுவை ஆண்டுதோறும் நாம் கூட்டிவருகிறோம். பூமி உடனே வெள்ளியாகிவிடும் என்பதன்று இதன் பொருள். ஆனால் ஓரிரு பாகை ஏறினாலே மழையும் விளைச்சலும் தடுமாறும். சூளையின் வெப்பத்தை அளவோடு வைத்திருப்பவனே நல்ல பீங்கான் செய்கிறான். உலகின் வெப்பத்திற்கும் அந்தக் கருத்து வேண்டும்.

இரண்டாவது, அறிவு வளரும் முறை புலப்படுகிறது. 1855-ல் நுங்கம்பாக்கத்தில் ஓர் எண்ணம் தோன்றியது. அதனை ஆராய்ந்தவர்கள் அந்தக் கோளைத் தள்ளினார்கள், முறையைத் தள்ளவில்லை. கருவியைத் திருத்தினார்கள், மீண்டும் அளந்தார்கள், நூற்று நாற்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். அதன் பலனாகவே இன்று காவலூர் மலையிலிருந்து ஆயிரத்து நானூறு ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஓர் உலகின் பருமனைச் சொல்ல முடிகிறது. கேட்டதை எல்லாம் நம்பிவிடும் இக்காலத்தில், அளந்து பார்த்து ஏற்கும் இப்பழக்கத்தை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்வது பெருஞ்செல்வம்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. வானம் தெளிந்திருக்கும் ஒரு மார்கழி மாலையில், மின்விளக்குகளை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். பூரட்டாதியின் இரு விண்மீன்களையும் உத்திரட்டாதியின் இரு விண்மீன்களையும் இணைத்தால் வானில் ஒரு பெரிய சதுரம் தெரியும். பூரட்டாதியின் பக்கத்தில், அச்சதுரத்திற்குச் சற்று வெளியேதான், மனிதன் முதலில் கண்டறிந்த அந்த வெப்பக் கோளின் சூரியன் இருக்கிறது. அதனருகே ஓர் உலகம் நான்கு நாளுக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டு, சூளை போல் கனன்றுகொண்டிருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்டால், விருத்தாசலத்துச் சூளையில் துளையின் வழியே நிறம் பார்ப்பவரைப் பற்றி அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.